உறவு: பங்காளி

‘பங்காளி’ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். பல்லைக் கடித்தது பதிவாகவில்லை, சொல் மட்டும் பதிவாகிவிட்டது. அதனால் வந்த வினையைச் சொல்கிறேன், கேட்டுவிட்டு நான் செய்தது தப்பா, மெஷின் செய்தது தப்பா என்று நீங்களே சொல்லுங்கள்.

என் பெயர் புகழேந்தி. ஊர் தோப்படிமங்கலம், கடைமடை. எங்களுக்கு அப்புறம் ஊர் கிடையாது, கடல்தான். நான் சிறுவனாக இருந்தபோது கடலுக்குப் போக சைக்கிளில் அரை மணி நேரம் ஆகும். இப்போது வயல் வரப்பில் நின்றால் அலை தெரிகிறது. நாங்கள் ஓர் அடி நகரவில்லை, அதுதான் எங்களைத் தேடி வந்துகொண்டிருக்கிறது.

அந்தக் காலத்தில் வயலில் உப்பு ஏறினால் வைத்தியம் எளிது. ஆற்றுத் தண்ணீரை நிறையக் கட்டி, இரண்டு நாள் நிறுத்தி, வடிகாலில் விட்டுவிட்டால் உப்பு கரைந்து கடலுக்குப் போய்விடும். இப்போது வடிகால் வாயைவிடக் கடல்மட்டம் உயரம். வடிக்கிற தண்ணீர் போக இடமில்லாமல் திரும்பி வருகிறது. ஆளாளுக்குத் தன் உப்பை அடுத்தவன் வயலில் வெட்டிவிட்டு, வாய்க்காலுக்கு வாய்க்கால் மண்டை உடைந்துகொண்டிருந்த நாளில்தான் அரசாங்கம் நீர்ச்சமன் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது.

வயலுக்கு வயல் ஒரு கம்பம். கம்பத்தின் கால் மண்ணுக்குள் இறங்கி உப்பை அளக்கும். மடைகள் எல்லாம் அதன் கையில். எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது, எல்லாம் அதுவே முடிவு செய்யும். கேட்டால் பதில் சொல்லும், வானொலியில் செய்தி வாசிப்பது மாதிரி சுத்தத் தமிழில். அதிகாரிகள் நீர்ச்சமன் என்பார்கள். ஊரில் அதற்குப் பெயர் மடையன். மடையைத் திறந்து மூடுகிறவன் மடையன், பழைய தொழிற்பெயர்தானே சார் என்று அதிகாரிகளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். நாங்கள் எந்த அர்த்தத்தில் கூப்பிடுகிறோம் என்பது எங்களுக்குத் தெரியும்.

அதன் முறை இதுதான். ஒருவன் உப்பு இன்னொருவன் வயலுக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு பண்ணையிலும் தாழ்வான ஒரு துண்டை உப்பு மூலை என்று ஒதுக்கும். பண்ணை முழுவதையும் அலசிய தண்ணீர் அந்த மூலைக்குப் போய்த் தேங்கி வற்றும். அந்த மூலையில் அந்த வருஷம் ஒன்றும் விளையாது, மற்றது விளையும். ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து நாலு பங்கைக் காப்பாற்றுவது. நியாயமாகத்தான் இருந்தது. நானும் கைதட்டினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் பதிவு முகாம் நடந்தது. காலை ஏழு மணிக்குப் போய் மத்தியானம் இரண்டு மணிவரை வரிசையில் நின்றேன். பசி. முன்னால் நின்றவன் தன் நிலத்துக்கு நாலு எல்லையும் மறந்துபோய் வீட்டுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தான். என் முறை வந்ததும் மேசைமேல் இருந்த பதிவுக் கருவி கேட்டது:

“உங்கள் கீழ்மடை வயலின் உரிமையாளர் எழிலரசி. அவர் உங்களுக்கு என்ன வேண்டும்?”

எழிலரசி என் சித்தப்பா மகள். என் பன்னிரண்டு மா மேல்மடையில், அவளுடைய மூன்று மா அதற்குக் கீழே. மூன்று மா என்றால் ஓர் ஏக்கர், அவ்வளவுதான் அவளுக்கு. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்று அப்போதே பதினைந்து வருஷம். வரிசையில் பின்னால் நின்றவர்கள், “ஆங்... சொல்லுங்க, சொல்லுங்க, என்னா வேணும்?” என்று சிரித்தார்கள். எனக்குச் சுரீரென்று ஏறியது.

“வேற யாரு? பங்காளி!” என்றேன்.

எங்கள் ஊரில் பங்காளி என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே பாட்டன் வழியில் வந்து, ஒரே நிலத்தைப் பங்கு பிரித்து, அந்த வரப்பில் நின்று தலைமுறை தலைமுறையாக முறைத்துக்கொள்கிறவன் பங்காளி. அடுத்தவன் வாழ்ந்தால் வயிறு எரிவதற்குப் பங்காளிக் காய்ச்சல் என்று பேரே வைத்திருக்கிறோம். ஆனால் மடையனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்கள் எங்கேயோ ஏசி அறையில் உட்கார்ந்து அகராதியைப் பார்த்திருக்கிறார்கள். பங்காளி: பங்கு உடையவர், கூட்டாளி. முடிந்தது கதை.

அந்த வருஷச் சம்பாவில் எழிலரசியின் வயல் கருகியது. அடுத்த வருஷமும் கருகியது. என் வயல் இரண்டு வருஷமும் பச்சைப் பசேலென்று நின்றது. என் பண்ணையில் உப்பு மூலை எங்கே என்று நான் கேட்டேனா? கேட்கவில்லை. என் மடையிலிருந்து தண்ணீர் அவள் வயலுக்கு இறங்குவதைக் கண்ணால் பார்த்தேன். மெஷின் செய்கிறது, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இருந்தது, என்ன செய்வது?

மூன்றாம் வருஷம் ஐப்பசியில், நடவு முடிந்து இருபது நாள் இருக்கும். காலையில் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். எழிலரசி வரப்பில் விறுவிறுவென்று வந்தாள். ஐம்பது வயதுக்காரி, நடையில் மட்டும் இன்னும் வேகம் குறையவில்லை. என்னைத் திரும்பியும் பார்க்காமல் கம்பத்துக்கு முன்னால் நின்றாள்.

“ஏ மடையா, அந்த ஆளுகிட்ட கேளு. அவரு வயலு உப்பு எதுக்கு என் வயலுல வந்து வுழுவுதுன்னு கேளு.”

பேச்சு நின்றவர்கள் நடுவில் யாரையாவது வைத்துச் சாடையாகப் பேசுவது எங்கள் வழக்கம். ஆள் கிடைக்காவிட்டால் மாட்டைப் பார்த்துப் பேசுவோம், கோழியைப் பார்த்துப் பேசுவோம். மாடும் கோழியும் சும்மா இருக்கும். இது சும்மா இருக்குமா?

“புகழேந்தி அவர்களே,” என்றது கம்பம், “உங்கள் பங்காளி எழிலரசி கேட்கிறார்: உங்கள் வயலின் உப்பு எதற்காகத் தன் வயலில் வந்து விழுகிறது?”

அவள் கம்பத்துக்கு இன்னும் ஓர் அடி கிட்டே போனாள்.

“என்னா சொன்னே? நான் அவருக்கு என்னா?”

“பங்காளி. நீங்கள் இருவரும் ஒரே பண்ணை. மொத்தம் பதினைந்து மா. அதில் மிகத் தாழ்வான மூன்று மா உப்பு மூலை.”

“அது மூலை இல்லடா, என் வயலு! முழு வயலு! நான் எட்டு தடவை புகார் குடுத்தேன். எட்டு தடவையும் உங்கள் பண்ணையின் விளைச்சல் திருப்திகரமாக இருக்கிறதுன்னு பதில் அனுப்புன. ஒரு மணி நெல்லு வெளயல, என்னாடா திருப்தின்னு மண்டைய ஒடச்சுக்கிட்டேன்.”

“பதினைந்து மாவில் பன்னிரண்டு மா நன்றாக விளைந்தது. அது திருப்திகரமே.”

“யாரு சொன்னா பங்காளின்னு?”

“புகழேந்தி அவர்கள். குரல் பதிவு இருக்கிறது. கேட்கிறீர்களா?”

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் போட்டுவிட்டது. என் குரல்தான். மத்தியானப் பசியும் எரிச்சலுமாக, ‘வேற யாரு? பங்காளி!’ வயல்வெளி முழுக்கக் கேட்டது. ஒரு கொக்குகூடப் பறந்தது.

கத்தப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று தயாராக நின்றேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்த வேகம் இல்லாமல் மெல்லத் திரும்பிப் போனாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு திட்டித் தீர்த்திருப்பேன்.

“இப்ப என்னாடா ஆவும்?” என்று கம்பத்தைக் கேட்டேன்.

“வரும் செவ்வாய்க்கிழமை உங்கள் பன்னிரண்டு மாவும் அலசப்படும். வடிநீர் உப்பு மூலைக்குச் செல்லும்.”

அன்றைக்கு வியாழன்.

வீட்டில் என் மனைவி சுகந்தியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைச் சட்டிக்குள் போட்டாள்.

“அப்ப ரெண்டு வருசமா நம்ம வூட்டுல வேவுற சோறு, அவ வயலு உப்பத் தின்னதால வெளஞ்சது. அப்படித்தானே?”

“நானா செஞ்சேன்? அந்த மடையன்...”

“எந்த மடையன்னு எனக்குத் தெரியும். போயி மாத்திட்டு வாங்க.”

நீர்ச்சமன் அலுவலகம் போனேன். முதல் ஜன்னலில் நிலத்தகராறா என்றார்கள். இல்லை, உறவுத்தகராறு என்றேன். உறவென்றால் இரண்டாம் ஜன்னல். இரண்டாம் ஜன்னலில் விவாகரத்தா என்றார்கள். தலையில் அடித்துக்கொண்டு மூன்றாம் ஜன்னலுக்குப் போனேன். அங்கே ஷாகிரா என்று ஒரு பெண், பொறியாளர், நாகூர்க்காரி. அந்தக் கட்டடத்திலேயே நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டது அவள் ஒருத்திதான். கேட்டுவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

“அல்லாவே... சார், இந்த ஒரு வார்த்தையால எத்தனை ஊர்ல எத்தனை பண்ணை ஒன்னா சேந்துருக்கோ தெரியலையே.”

“மத்த ஊரு கெடக்கட்டும்மா. எங்களப் பிரிச்சு விடு.”

“அவங்க வயல்ல ரெண்டு வருஷம் எறங்கிடுச்சா?” திரையைப் பார்த்தாள். “உப்பு எட்டு காட்டுது. மூணுக்கு மேல போனாலே நெல்லுக்கு ஆவாது. மூணாவது தடவையும் அங்கயே எறங்குச்சுன்னா பயிரோட போவாது சார், மண்ணே போயிரும். களிமண்ணு இறுகி சிமெண்ட்டுத் தரை மாதிரி ஆயிரும். மேல ஊத்துற தண்ணி கீழ எறங்காது. அப்புறம் ஜிப்சம் போட்டு, மழைய நம்பி, பத்து வருஷம் ஆனாலும் சொல்ல முடியாது.”

“அப்ப உடனே மாத்து.”

“மாத்தலாம். மறுப்புப் படிவம் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கைரேகை வெக்கணும்.”

படிவத்தை வாங்கிப் படித்தேன். ‘எங்களுக்குள் பங்காளி உறவு எக்காலத்திலும் இருந்ததில்லை என்று உறுதி கூறுகிறோம்.’

“எக்காலத்திலும்னா?”

“இருந்துச்சு, இப்ப இல்லன்னு சொன்னா சிஸ்டம் ஏத்துக்காது சார். எப்பப் பிரிஞ்சீங்க, பத்திரம் எங்கன்னு கேக்கும். எப்பவுமே இல்லன்னு சொல்லிட்டா சுலபம்.”

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இதைத்தானே நான் பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அங்கேயே என் கைரேகையை வைத்துவிட்டு, படிவத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன்.

ஏன் பதினெட்டு வருஷம் என்று சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. எழிலரசி ஒரே மகள். கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் செத்துப்போய், கைக்குழந்தையோடு அப்பன் வீட்டுக்கே வந்துவிட்டாள். சித்தப்பா நிலத்தை அவள் பேருக்கு எழுதிவைத்தார். அவர் இறந்தபோது கொள்ளி வைக்க நான் நீர்மாலைக் குடம் எடுத்துவந்து நின்றேன். ஆண் வாரிசு இல்லையென்றால் பங்காளிதான் வைக்க வேண்டும், அதுதான் வழக்கம். இவள் சுடுகாட்டுக்கே வந்துவிட்டாள். “எங்கப்பாவுக்கு நான் வெக்கிறேன்,” என்று கொள்ளியைக் கையில் வாங்கிக்கொண்டாள். இருநூறு பேருக்கு நடுவில் எனக்கு முகத்தில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. “பொட்டச்சி பங்காளி ஆவ முடியாது! இனிமே நீ யாரோ, நாங்க யாரோ!” என்று கத்திவிட்டு வந்தேன்.

அதோடு விடவில்லை. மாசி மாதம் எங்கள் வீரனார் கோயிலில் படையல் போடுவோம். ஏழு பங்காளி வீடு, ஏழு இலை. வீட்டுப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு இலையைக் கொடுப்பது என் வேலை. அந்த வருஷத்திலிருந்து ஆறு இலைதான் போட்டேன். அவள் ஒவ்வொரு வருஷமும் வந்து வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் நிற்பாள். ஆறு பெயரும் கூப்பிட்டு முடிந்ததும் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவாள்.

சரி, படிவத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை. வாசலில் உளுந்து காயப்போட்டிருந்தாள். உட்கார் என்று சொல்லவில்லை. மாட்டைப் பார்த்துப் பேசலாம் என்றால் மாடும் இல்லை. நேராகவே பேசினேன்.

“இந்தா, இதுல கைரேக வையி. செவ்வாக்கெழமைக்குள்ள பிரிச்சு வுட்ருவாங்க. உன் வயலு பொழைச்சுக்கும்.”

வாங்கிப் படித்தாள். நிதானமாக, விரலை வைத்து, எழுத்தெழுத்தாக. படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

“வெக்க மாட்டேன்.”

“ஏன்?”

“சுடுகாட்டுல வெச்சு நீ என்னா சொன்னே? பதினெட்டு வருசமா நான் யாருன்னு கேட்டா இந்த ஊருல ஒருத்தர் வாயிலயும் அந்த வார்த்தை வரல. இப்ப அரசாங்கக் கம்பத்துல உன் வாயாலயே சொல்லி வெச்சுருக்கே. பங்காளின்னு. அத நானே அழிக்கணுமா?”

“அடியேய், அது எரிச்சல்ல சொன்னது!”

“எரிச்சல்லதான் அண்ணே உண்மை வரும்.”

அண்ணே என்றாள். அதைக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை.

“வயலு போயிரும் எழிலு. மண்ணே செத்துப்போயிரும்னு அந்தப் பொண்ணு சொல்லுது. அப்புறம் என்னா பண்ணுவே?”

“திருப்பூருக்கு மவ கூப்புடுறா. போறேன். வூட்டப் பூட்டிட்டு ஒரேயடியா போயிர்றேன். ஆனா எங்கப்பன் வழியில எனக்குப் பங்கே இல்லன்னு நானே எழுதிக் குடுத்துட்டுப் போவ மாட்டேன். எக்காலத்திலும்னு போட்டுருக்கான் பாரு. எக்காலத்திலும்!”

“ஒரு காயிதம்டி!”

“அப்ப நீ ஏன் பதினெட்டு வருசமா எனக்கு ஒரு எல போட அழுதே?”

நான் படிவத்தைப் பையில் திணித்தேன். அவள் உளுந்தைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: “உப்பிட்டவரை உள்ளளவும் நினைன்னு சொல்லுவாங்க. நீ ரெண்டு வருசம் எனக்கு உப்பு இட்டுருக்கே. மறக்க மாட்டேன், போ.”

வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன். அவளை, மடையனை, படிவம் அடித்தவனை, அகராதி எழுதியவனை. யாரைத் திட்டினாலும் கடைசியில் அது வரிசையில் பசியோடு நின்ற ஒரு ஆளிடம் வந்து முடிந்தது. கெட்ட வார்த்தையாக நினைத்துத்தான் அதை நான் அவள்மேல் வீசினேன். பார்த்தால் அவள் அதை நல்ல வார்த்தையாக எடுத்து முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள். இந்தப் பொம்பளையோடு எப்படி மல்லுக்கட்டுவது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஷாகிரா போன் பண்ணினாள்.

“சார், அவங்க கைரேகை வரலையே?”

“வராதும்மா. வயலு போனாலும் பரவால்ல, பங்காளியாத்தான் இருப்பாளாம்.”

எதையோ தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம், “அப்ப பங்காளியாவே இருக்கட்டுமே சார்,” என்றாள். “ஒரே பண்ணையா இருந்துக்கிட்டே உப்பு மூலைய மாத்தலாம். ரெண்டு பங்காளியும் வாயால சம்மதம் சொன்னாப் போதும், படிவம் வேணாம். ஆனா உப்பு எங்கயாவது எறங்கித்தான் ஆவணும். ஆகாசத்துக்கு அனுப்ப முடியாது.”

“எங்க எறக்குறது?”

“மிச்சம் இருக்குறது உங்க வயலுதான சார்.”

என் வயலில் தாழ்வான துண்டு என்றால் அது ரோட்டோரத்து நாலு மா. அதில்தான் வீட்டுச் சாப்பாட்டுக்குத் தூயமல்லி நெல் போட்டிருந்தேன். பன்னிரண்டு மாவில் எட்டு மா சர்க்கார் கொள்முதலுக்கு, அந்த நாலு மா என் வாய்க்கு. அது போதாதென்று அவள் வயல் அதைவிட இரண்டடி பள்ளம். அவள் வயலை அலசிய தண்ணீரை மோட்டார் வைத்து மேட்டுக்கு ஏற்றி என் வயலில் விட வேண்டும். என் மோட்டார், என் வயல், அவள் உப்பு. உலகத்தில் தண்ணீர் பள்ளத்தைப் பார்த்து ஓடும், என் தலையெழுத்துக்கு அது மேட்டைப் பார்த்து ஓட வேண்டும்.

சுகந்தியிடம் சொன்னேன். மோட்டார் கிடந்த கொட்டகைச் சாவியை எடுத்துவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அவள் பேசியே இருக்கலாம்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு எல்லாரும் என் கம்பத்தடியில் கூடினோம். ஷாகிரா வந்திருந்தாள். எழிலரசி வந்திருந்தாள். விஷயம் எப்படியோ பரவி, வேலையில்லாதவர்கள் ஒரு முப்பது பேர் வரப்பில் வரிசையாக நின்றார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்குப் பதிவு முகாமில் பின்னால் நின்று சிரித்தவர்கள்.

“பண்ணை எண் நானூற்றுப் பன்னிரண்டு,” என்றது மடையன். “உப்பு மூலையை மாற்றும் முன் உறவை உறுதி செய்ய வேண்டும். புகழேந்தி அவர்களே, எழிலரசி உங்களுக்கு என்ன வேண்டும்?”

தரையைப் பார்த்துக்கொண்டு, “பங்காளி,” என்றேன்.

“குரல் தெளிவாக இல்லை. மீண்டும் கூறவும்.”

பின்னால் ஒருவன் கனைத்தான். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பங்... பங்காளி.”

“குரல் தெளிவாக இல்லை. மீண்டும்...”

“பங்காளி!” என்று கத்தினேன். “என் சித்தப்பா மவ! எங்க பாட்டன் நெலத்துல பங்கு உள்ளவ! பங்காளி! போதுமாடா மடையா?”

“நன்றி. பதிவாயிற்று.”

வரப்பில் ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஷாகிரா எதற்கோ கையிலிருந்த கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எழிலரசி அவர்களே, புகழேந்தி உங்களுக்கு என்ன வேண்டும்?”

அவள் என்னைப் பார்த்தாள், வயலைப் பார்த்தாள். “அண்ணன்,” என்றாள்.

“அண்ணன் என்பது பட்டியலில் இல்லை.”

“இல்லன்னா பட்டியலத் திருத்து.”

“அக்கா, அக்கா,” என்று ஷாகிரா பதறினாள், “அது தனியா சொல்லிக்கலாம்கா. இப்ப பங்காளின்னு சொல்லிடுங்க. இல்லன்னா திரும்ப மொதல்லேருந்து கேக்கும்.”

“மொதல்லேருந்தா?” என்றேன் நான். “தாயே, சொல்லித் தொலை!”

“பங்காளி,” என்றாள் எழிலரசி, ஏதோ கடையில் சாமான் பேர் சொல்வது மாதிரி. அவளுக்கு ஒரே தடவையில் பதிவாகிவிட்டது.

“புதிய உப்பு மூலை: ரோட்டோர நாலு மா. எத்தனை ஆண்டுகளுக்கு?”

“இந்த வருசம்,” என்று நான் சொல்ல வாயெடுத்தேன். நல்ல மனதோடு ஒரு வருஷத்தை விட்டுக்கொடுத்து, பெருமையாக வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

“இருண்ணே. எனக்குப் பிச்சையும் வேணாம், தானமும் வேணாம். மொறன்னா மொற. நான் ரெண்டு வருசம் வாங்கிட்டேன். நீ ரெண்டு வருசம் வாங்கு. அப்புறம் மறுபடி என் மொற.”

“ரெண்டு வருசமா?”

“பங்காளின்னா பங்கு சரியா இருக்கணுமா, வேணாமா?”

முப்பது பேரும் என் வாயையே பார்த்தார்கள். “எழுதுடா,” என்றேன்.

செவ்வாய்க்கிழமை அலசினார்கள். அவள் வயல் தண்ணீரை என் மோட்டார் இறைத்து இறைத்து என் தூயமல்லியில் கொட்டியது. ஐந்தாம் நாள் இலை நுனி வெளுத்தது, பத்தாம் நாள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. பார்க்கக் கூடாது என்று ரோட்டுப் பக்கம் போவதையே விட்டேன். ஆனால் ஊரில் இருந்து எங்கே போனாலும் அந்த ரோட்டில்தான் போக வேண்டும். அவள் வயல் முதலில் அசைவில்லாமல் நின்றது. பிறகு பச்சை பிடித்தது. ஷாகிரா வந்து அளந்துவிட்டு நாலுக்குக் கீழே வந்துவிட்டது என்றாள். தை மாதம் அந்த மூன்று மாவிலும் அறுத்தார்கள். பிரமாதம் என்று சொல்ல முடியாது. ஆனால் நெல் இருந்தது, கதிரில் பால் பிடித்து முற்றிய நெல். திருப்பூர் மகளிடம் அவள் போனில் சத்தமாகப் பேசுவது என் வயல்வரை கேட்டது: “நான் எங்கடி வர்றது? அடுத்த வருசமும் நடணும்டி!”

மாசியில் படையல் வந்தது. பொங்கலுக்குப் புது அரிசி வேண்டும். என் வீட்டுத் தூயமல்லி இல்லை, எங்கே போயிற்று என்று உங்களுக்கே தெரியும். எழிலரசி கேட்காமலேயே ஒரு மரக்கால் அரிசியைக் கொண்டுவந்து கோயிலில் வைத்துவிட்டு, பழையபடி வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

நானே அடுப்பில் நின்று பொங்கினேன். இலை போட்டேன். ஏழு.

கிணற்றடி வீட்டு வைரக்கண்ணு, எங்கள் பங்காளிகளில் மூத்தவர், எண்ணிப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். “ஏழாவது எல யாருக்குடா?”

“மடையன்கிட்டப் போயிக் கேளுங்க பெரியப்பா. எழுத்துல இருக்கு. நான் மூணு தடவை சொல்லியிருக்கேன்.”

அவர் ஏதோ சொல்ல வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டார்.

ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். வடக்கு வீடு. கிணற்றடி வீடு. ஆறும் முடிந்தது. என் தொண்டை மறுபடியும் அந்தத் திங்கட்கிழமை மாதிரி மக்கர் பண்ணப் பார்த்தது. இங்கே தெளிவாக இல்லை என்று சொல்ல மடையன்கூட இல்லை.

“எழிலரசி வூடு!” என்றேன்.

அவள் வேப்பமரத்தடியில் அப்படியே நின்றாள். கூப்பிட்டது காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். பிறகு வந்தாள், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மெல்ல. இரண்டு கையாலும் இலையை வாங்கினாள். எனக்குக் கண் கரித்தது, புகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். சித்தப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு, இவள் ஏதாவது சொல்லப் போகிறாள், பதினெட்டு வருஷத்துக்கும் சேர்த்து ஒரு நல்ல வார்த்தை சொல்லப் போகிறாள் என்று அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஒரு வாய் பொங்கலை எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“உப்பு பத்தலண்ணே,” என்றாள்.

இவளை என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள்.